கம்பியை அறுத்தவர் சந்தியாகு அல்ல

சந்தியாகு அண்ணன் இறந்த செய்தி புன்னைக்காயலிலிருந்து தந்தியில் வந்தது. அதை எழுதி எடுத்தவன் நான்தான். தூத்துக்குடி தந்தி ஆபீஸில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கும், அவரைக் குற்றவாளி என்று நம்பியவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

அவர் லைன்மேன். நாற்பத்திரண்டாம் வருஷம், வெள்ளைக்காரனை எதிர்த்து ஊருக்கு ஊர் தந்திக் கம்பிகளை அறுத்துக்கொண்டிருந்த நேரம். ஐப்பசியில் புயல் வந்தது. முதல் காற்றிலேயே ஆற்றங்கரைக் கம்பங்கள் சாய்ந்து, புன்னைக்காயல் தொடர்பு போயிற்று. மத்தியானம் காற்று தணிந்தது. ஆனால் இதைவிடப் பெரிய காற்று வருகிறது என்று துறைமுகத்திலிருந்து எச்சரிக்கை வந்தது. அது தெரியாமல் புன்னைக்காயல்காரர்கள் கடலில் இறங்கிவிடுவார்கள்.

"கம்பம் விழுந்தா என்னலே, பனை நிக்குதுல்லா" என்றார் அண்ணன்.

மாற்றுக் கம்பி கையிருப்பில் இல்லை. அதே வழியில் எங்கள் தந்தி இலாகா இன்ஸ்பெக்டரின் பங்களாவுக்கு டெலிபோன் கம்பி போனது. அதை அவிழ்த்துப் பனைக்குப் பனை இழுத்துக் கட்டினார். ஈர மரத்தில் கம்பி படாமலிருக்க உடைந்த சோடா பாட்டில்களின் கழுத்தைச் செருகினார். சாயங்காலத்துக்குள் செய்தி போய்ச் சேர்ந்தது. கோயில் மணியடித்து ஊரை நிறுத்தினார்கள். இரவு பெருங்காற்று அடித்தபோது ஒரு படகும் கடலில் இல்லை.

மறுநாள் காலை இன்ஸ்பெக்டர் ஆபீஸில் வந்து கத்தினார். "யாரக் கேட்டு என் கம்பியில கை வச்சான்?"

"ரெண்டு நாள் பொறுங்கய்யா. கடல் இன்னும் அடங்கல" என்று அண்ணன் கெஞ்சினார்.

இன்ஸ்பெக்டர் சீட்டு எழுதிக் கொடுத்து வேறு ஆளை அனுப்பிக் கம்பியை இறக்கினார்; வேலை முடிந்ததும் அந்த ஆள் சீட்டை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனான். அன்று பிற்பகல் மறுபடியும் எச்சரிக்கை. தந்திக் கருவியைத் தட்டித் தட்டிப் பார்த்தேன், எதிர்முனையில் உயிரில்லை. புன்னைக்காயலிலிருந்து கட்டுமரத்தில் போன உடன்பிறந்தவர் இருவர் கரை திரும்பவில்லை.

விசாரணை வந்தது. லைன்மேன் சந்தியாகு கம்பியை அறுத்துவிட்டான் என்று இன்ஸ்பெக்டர் எழுதிக் கொடுத்தார். அந்த வருஷத்துக்கு அந்த ஒரு வரி போதும். என்னைத் தனியாக அழைத்து, "உனக்குப் பிள்ளகுட்டி இருக்குல்லா?" என்று கேட்டார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

அண்ணன் சிறைக்குப் போய், வேலையை இழந்து, நெஞ்சுச் சளியோடு திரும்பினார். கட்டுமரத்தில் போனவர்களின் தாய் அவர் முகத்தில் காறித் துப்பினாள். அதையும் துடைத்துக்கொண்டு நடந்தார்.

அண்ணன் சாகும் தறுவாயில் இருந்தபோது, இன்ஸ்பெக்டரை மன்னிக்கும்படி பங்குச் சாமியார் சொன்னாராம். அதற்கு அண்ணன் சொன்னதை அவர் மனைவி பிலோமி அக்கா என்னிடம் சொன்னார்: "என்னய உள்ள போட்டத மன்னிச்சிட்டேன் சாமி. அந்த ரெண்டு உசிரு போனத மன்னிக்க நான் யாரு?"

அடக்கத்துக்கு இன்ஸ்பெக்டர் மாலையோடு வந்தார். இப்போது கதர் உடுத்துகிறார். அக்கா மாலையை வாங்கி அவர் காலடியில் போட்டார். "எடுத்துக்கிட்டுப் போயிரும். இது அவரு மேல படக் கூடாது."

கம்பியை இறக்கச் சொல்லி இன்ஸ்பெக்டர் தன் கையால் எழுதிய சீட்டு ஆறு வருஷமாக என் டிரங்குப் பெட்டியில் கிடந்தது. கல்லறையிலிருந்து நேரே அந்தத் தாயின் வீட்டுக்குப் போய் அதை வாசித்துக் காட்டினேன். "இத எழுதுனவன் பேர இன்னொரு தரம் சொல்லு" என்றாள். சொன்னேன். திங்கட்கிழமை சீட்டைக் கலெக்டரிடம் கொடுத்தேன்.

அண்ணனின் துணிச்சல் எனக்கு வாய்க்கவில்லை, பொறுமையும் வாய்க்கவில்லை. அவர் மன்னிக்க மறுத்தாரே, அதை மட்டும் எடுத்துக்கொண்டேன். இன்ஸ்பெக்டர் உயிரோடிருக்கும்வரை அதை நான் கீழே வைப்பதாக இல்லை.