கொம்லாவுக்கு வராத வரி

செனா செத்த மறுநாள் காலையில் அவள் அப்பா கொம்லா வழக்கம்போல வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். எங்கள் ஊர் அன்லோகாவில் கடலுக்கும் காயலுக்கும் நடுவே கிடக்கிற மணலில் பக்கத்துப் பாத்தி என்னுடையது.

"வீட்டுக்குப் போங்கண்ணே. யாராவது பாத்தா என்ன நினைப்பாங்க?"

"பாத்தி காயுதே டெலாலி" என்றார்.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. பத்தொன்பது வயதுப் பெண், மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டாள், இந்த மனுஷனுக்கு வெங்காயம் முக்கியமா? அப்புறம்தான் கவனித்தேன், ஏற்கெனவே நனைந்த பாத்திக்கே திரும்பத் திரும்ப ஊற்றுகிறார். வாளியைப் பிடுங்கினேன். சும்மா விட்டுவிட்டு நின்றார்.

இருபத்திரண்டு வருடமாக எங்கள் கோயிலில் பாஸ்டரின் பிரசங்கத்தை எங்கள் ஏவே மொழியில் மாற்றிச் சொல்பவர் கொம்லா. பாஸ்டர்கள் வெளியூரிலிருந்து வருவார்கள், ஆங்கிலத்தில் பேசுவார்கள், நாலு வருடத்தில் மாற்றலாகிப் போவார்கள். கொம்லா இருப்பார். அவர் சொல்லும் விதமே வேறு. வேதத்தில் சோம்பேறியை எறும்பிடம் பாடம் படிக்க அனுப்புகிற இடம் வந்தால், எங்கள் பெரியவர்கள் எறும்பைப் பற்றிச் சொல்லி வைத்த பழமொழியின் முன்பாதியை எடுத்து விடுவார். பின்பாதியை நாங்கள் சொல்ல வேண்டும். ஒருவர் தொடங்கினால் கூட்டம் முடித்துத் தரவேண்டும், அது எங்கள் வழக்கம். நாக்கை அடக்கச் சொல்கிற வசனம் வந்துவிட்டால் என்னைப் பார்த்துக்கொண்டேதான் தொடங்குவார். மொத்தக் கோயிலும் என் பக்கம் திரும்பி முடிக்கும். பாவி மனுஷன்!

இப்போதுள்ள பாஸ்டர் குவார்ட்டே வந்த புதிதில் கோபித்துக்கொண்டார்.

"என்னய்யா இது? நான் பத்து நிமிஷம் பேசினேன். நீ ஒரு வரியில முடிச்சுட்டே?"

"இவங்களுக்கு ஏற்கெனவே தெரிஞ்ச சங்கதிங்க ஐயா. உங்களுக்குத்தான் புதுசு" என்றார் கொம்லா. பாஸ்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அடக்கத்தில் பாஸ்டரின் பேச்சை ஏவேயில் யார் சொல்வது என்று கேள்வி வந்தது. பக்கத்து ஊர் வாத்தியாரைக் கூப்பிடலாம் என்றார்கள் கோயில் பெரியவர்கள். செனாவின் அம்மாவுக்கு ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாது. மகள் போனதிலிருந்து யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துக் கிடந்தவள், அன்றைக்கு மட்டும் வாயைத் திறந்தாள்.

"என் பொண்ணுக்குச் சொல்ற கடைசி வார்த்தையை அடுத்தவன் வாயால கேக்க மாட்டேன். அவரு சொல்லட்டும். இல்லேன்னா எனக்கு எதுவுமே வேண்டாம்."

கொம்லா சரி என்று தலையாட்டினார். கேட்டது அவர் காதில் விழுந்ததா என்று எனக்குச் சந்தேகம்தான்.

அடக்கத்தன்று சிவப்பும் கறுப்புமாகத் துக்கத் துணியைச் சுற்றிக்கொண்டு கோயிலில் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றார். பாஸ்டர் ஒரு வாக்கியம், அவர் ஒரு வாக்கியம். சொல் தவறவில்லை. ஆனால் ரேடியோவில் வானிலை வாசிப்பதைப் போல வாசித்தார். 'எங்கள் சகோதரி செனா' என்று பாஸ்டர் சொன்னதை, அப்படியே 'எங்கள் சகோதரி செனா' என்றார், பெற்ற மகளை. கிழவிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வேதத்தில் பிள்ளைகளையும் ஆடுமாடுகளையும் ஒரே நாளில் இழந்தவனின் கதைக்கு வந்தார் பாஸ்டர். கொடுத்தவரே எடுத்துக்கொண்டார் என்று அவன் தரையில் விழுந்து சொன்ன இடம். அதற்கு எங்களிடமும் ஒரு பழமொழி உண்டு. ஊரில் எந்தச் சாவிலும் கொம்லா அதைத் தொடங்காமல் விட்டதில்லை. என் புருஷனின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றும் தொடங்கியவர்தான். பின்பாதியை வாயில் வைத்துக்கொண்டு எல்லோரும் காத்திருந்தோம்.

அவர் பாஸ்டர் சொன்னதை மட்டும் ஏவேயில் சொன்னார். அடுத்த வாக்கியத்துக்காகப் பாஸ்டரைப் பார்த்தார்.

"செனா அப்பா" என்றாள் அவர் மனைவி முன்வரிசையிலிருந்து. "அது பாஸ்டர் பேச்சு. நம்ம பெரியவங்க பேச்சுல சொல்லுங்க."

கொம்லா அவள் பக்கம் திரும்பினார்.

"வரமாட்டேங்குதும்மா" என்றார். "ஊரார் பிள்ளைக்கெல்லாம் சொன்னேன். இதுக்கு வரமாட்டேங்குது."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாஸ்டர் புரியாமல் விழித்தார். யாராவது ஏதாவது செய்யமாட்டார்களா என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பிறகு பார்த்தால் எழுந்து நிற்பது நான்தான். முன்பாதியை நானே தொடங்கினேன். நடுவில் குரல் உடைந்தது. அதற்குள் பின்பாதியைக் கோயில் மொத்தமும் ஒரே குரலில் எடுத்துக்கொண்டது. ஆண், பெண், பாட்டுக்குழு, வாசலில் நின்றவர்கள் வரைக்கும். செனாவின் அம்மா பெஞ்சில் சாய்ந்து, அத்தனை நாளில் முதல் தடவையாக ஓவென்று அழுதாள்.

கொம்லா அழவில்லை. கை இரண்டும் தொங்க நின்றார்.

பாஸ்டர் அவர் பக்கம் குனிந்து கேட்டார். "என்ன சொல்றாங்க?"

"நீங்க சொன்னதைத்தான் ஐயா" என்றார் கொம்லா. "எனக்குச் சொல்றாங்க."