நாலாவது சில்லின் உடைந்த பல்

கையால் சுற்றுகிற அந்தக் கணக்கு மெஷினுக்குள் ஒரு சின்ன மணி இருந்தது. வகுத்தலைக் கழித்துக் கழித்துத்தான் அது செய்யும். ஒரு சுற்று கூடிப்போனால் மணி அடிக்கும். உடனே கைப்பிடியை எதிர்ப்பக்கமாக ஒரு முழுச் சுற்று சுற்றிச் சரிசெய்ய வேண்டும். பாதிச் சுற்றில் மட்டும் திருப்பக் கூடாது. மூடியின் உட்பக்கம் ஒட்டியிருந்த காகிதத்தில் அது சிவப்பு எழுத்தில் இருந்தது. தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட் ஆபீஸில் நான் பத்தொன்பது வயதில் வேலைக்குச் சேர்ந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் என் கண்முன்னே அந்த விதியை மீறினார் ஆபீஸின் தலைமை எழுத்தரான பெரிய கிளாக்கர்.

அன்று கொழுந்து நிறையின் சராசரிக்காக எஸ்டேட்டை நடத்தும் துரை காத்திருந்தார். மணி அடித்ததும் பெரிய கிளாக்கர் எரிச்சலில் கைப்பிடியைப் பாதியில் பின்னால் இழுத்தார். உள்ளே 'டக்' என்றது. அதன்பின், எண்களைச் சுற்றும் பற்சக்கரங்களில் நாலாவது சில்லு ஒன்பதைத் தாண்டும்போது பக்கத்துச் சில்லுக்கு ஒன்றைக் கொடுக்கவில்லை. விடை தாறுமாறாகப் பிசகியது. துரை எழுந்து வந்தபோது அவர் என்னைக் கைகாட்டி, "கை வெச்சது இவன்தான் சார்" என்றார். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த அப்பாவை மலையிலிருந்து கூப்பிட்டார்கள். அப்பா கத்தியை வெளியே வைத்துவிட்டு வாசலில் நின்று, நான் செய்யாத தவறுக்கு மன்னிப்புக் கேட்டார். வீட்டில் நடந்ததைச் சொன்னேன். "அவ்வளவு பெரிய மனுசன் ஏன்டா பொய் சொல்லணும்?" என்றார். சாகும்வரை அப்பா அதை நம்பவேயில்லை.

பிறகு பேட்டரிக் கணக்குப் பொறிகள் வந்தன. கப்பலேறி வந்து, மூன்று தலைமுறைத் துரைமாருக்கு உழைத்த இரும்பு மெஷின்கள் எல்லா எஸ்டேட்டிலும் ஸ்டோருக்குப் போயின. எங்கள் ஆபீஸ் மெஷினையும் சேர்த்துப் பெரிய கிளாக்கர் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினார். ஓய்வு பெற்று அம்பிட்டியவில் குடியேறியபோது அவருடைய கண்ணாடி அலுமாரியில் முப்பதுக்கு மேல் இருந்தன. பத்திரிகையில்கூடப் படம் வந்தது. நானும் கட்டுகஸ்தோட்டைப் பழைய இரும்புக் கடையில் அதே வகையில் இரண்டு வாங்கினேன். அழகுக்காக அல்ல. உள்ளே எது எப்படி உடையும் என்று தெரிந்துகொள்ளத்தான். மஹய்யாவ வீட்டு மேசையில் அவற்றைக் கழற்றிப் பூட்டும்போது மகள் பக்கத்திலேயே இருப்பாள். அவளுக்கு அவை விளையாட்டுச் சாமான்.

போன மாதம் கண்டியில் ஒரு மண்டபத்தில் பழம்பொருள் கண்காட்சி. அவருடைய மெஷின்களும் வருகின்றன என்று தெரிந்தே மகளை அழைத்துப் போனேன். வாகனம் நிறுத்த இடம் தேடி, உள்ளே வந்திருந்த அவளுடைய பள்ளி ஆசிரியைமாரிடம் அவளை முன்னால் அனுப்பினேன். அந்தப் பத்து நிமிடத்தை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை. நான் உள்ளே போனபோது பிள்ளை அழுதுகொண்டிருந்தாள். 'நன்கு இயங்கும் நிலை' என்ற அட்டையோடு எங்கள் ஆபீஸின் அந்தப் பழைய மெஷின் மேசையில் இருந்தது. அவள் ஒரு கூட்டல் போட்டுப் பார்த்துவிட்டு, "அங்கிள், நாலாவது சில்லு வேலை செய்யல்லயே" என்று சொல்லியிருக்கிறாள். அதை விலைபேச வந்த கொழும்பு சேகரிப்பாளர் பக்கத்திலேயே நின்றிருக்கிறார். பெரிய கிளாக்கர் அந்த ஆசிரியைமார் காதுபட, "காலையில நல்லா இருந்திச்சு. கை வெச்சது இந்தப் புள்ளதான்" என்றாராம்.

"திறந்து பார்ப்போமே, ஐயா" என்றேன். அவருக்கு என்னை அடையாளம் தெரிந்துவிட்டது.

"இது என்டிக், பழங்காலத்துச் சாமான். கண்டவனும் கழட்டக் கூடாது."

"திறக்கட்டும்," என்றார் கொழும்புக்காரர்.

நான்கு திருகாணிகளைக் கழற்றினேன். நாலாவது சில்லின் பல் இல்லை. புதிதாக உடைந்திருந்தால் அந்த இடம் பளபளக்கும். இது கறுத்து, எண்ணெயும் தூசியும் இறுகிப் பூச்சுப்போல் படிந்திருந்தது. அதை உடைத்த கை யாருடையது, அதற்காக யார் வாசலில் நின்றார் என்று கடைசி வரிசைக்கும் கேட்கும்படி சொன்னேன். கொழும்புக்காரர் மற்ற மெஷின்களையும் ஒரு தடவை பார்த்தார். "அப்ப இதுகளையும் எல்லாம் திறக்கணுமே, ஐயா" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்கு நகர்ந்தார். பெரிய கிளாக்கருடைய முப்பது வருடச் சேகரிப்பு அந்த ஒரு வாக்கியத்தில் சந்தேகச் சாமானாகிவிட்டது. இரக்கம் வரவில்லை. வரும் என்று நினைத்திருந்தேன்.

அதன்பிறகும் மகள் வீட்டு மெஷின்களைத் தொடவில்லை. இரண்டு வாரம் கழித்துப் பெரிய கிளாக்கர் தனியாக வீட்டுக்கு வந்தார். மெலிந்திருந்தார். மனைவி கேத்தலை அடுப்பில் வைக்கப் போனாள். வேண்டாம் என்றேன். தேயிலையில் பிறந்து வளர்ந்த எங்கள் வீட்டில், வந்தவருக்குத் தேத்தண்ணி கொடுக்காதது அன்றுதான் முதல்முறை. அவரும் அதைக் கவனித்தார்.

"மகள், நான் பொய் சொல்லிட்டேன். மன்னிச்சிடுங்க," என்றார் அவளிடம்.

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப, எங்க அப்பாவுக்கு?"

அவர் என் பக்கம் திரும்பினார். வாய் திறந்தது. நான் எழுந்துபோய் வாசல் கதவை அகலத் திறந்தேன். அந்தச் சொல்லைக் கேட்க வேண்டிய என் அப்பா தெல்தோட்டை மண்ணில் கிடக்கிறார். என்னிடம் சொல்லிவிட்டால் இவருக்கு இரவில் தூக்கம் வந்துவிடும். "பஸ் போயிரும், ஐயா. போங்க," என்றேன்.