அஸ்திவாரத்தில் நட்ட நெல்

ஈரத்துணியில் கட்டிவைத்த தர்பூசணி விதை முளைக்கும்போது ஒரு வாசனை வரும். புளித்த மாவும் மழை பெய்த மண்ணும் கலந்த மாதிரி, மூக்கைத் துளைத்தாலும் முகம் சுளிக்க வைக்காத வாசனை. எங்கள் வீட்டில் அது டிவியின் தலையிலிருந்து வந்தது. மார்கழிக் குளிரில் விதை முளைக்கச் சூடு வேண்டும், வீட்டில் நம்பிக்கையாகச் சூடேறும் ஒரே பொருள் அந்தப் பெட்டி டிவிதான் என்று அம்மா கண்டுபிடித்திருந்தாள். ஆகவே அந்த ஆண்டு மட்டும், டிவி பார்த்ததற்காக அல்ல, அணைத்ததற்காகத் திட்டு வாங்கினேன். "வெத குளுந்துடும், போடுடி டிவிய" என்று அடுப்படியிலிருந்து குரல் வரும். பரீட்சை நேரத்தில் இப்படி ஒரு தாய் வாய்த்த பிள்ளை தாம்பரம் வட்டாரத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருந்திருப்பேன்.

ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில் இன்று ஹாரன் அடித்துக்கொண்டு நிற்பவர்கள் நம்பமாட்டார்கள். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில், ஏரிக்குக் கீழே, எங்களுக்கு நிலம் இருந்தது. ஒரே கால்வாயில், ஒரே மடையில் தண்ணீர் வாங்கும் மூன்று துண்டுகள். மேலே இருந்தது பெரியப்பாவுடையது, கீழே இருந்தது எங்களுடையது. நடுத்துண்டைச் சம்பத் சார் வீடு கட்ட வாங்கிப் போட்டிருந்தார். அவர் பல்லாவரத்தில் வாடகைக்கு இருந்த பள்ளி ஆசிரியர். வீடு கட்டும்வரை அதிலும் பெரியப்பாவே பயிர் வைத்துக்கொண்டிருந்தார்.

கார்த்திகை மழை ஓய்ந்ததும், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெரியப்பா வீட்டு வாசலில் கூடி அந்தக் குளிர்காலத்துக்கு என்ன பயிர் என்று முடிவு செய்வார்கள். எங்கள் வீட்டில் அதற்கு 'மடைப் பேச்சு' என்று பெயர். சேர்ந்து முடிவு செய்யாமல் முடியாது. மேல் வயலில் நெல் நட்டுத் தண்ணீர் கட்டினால் அது வரப்புக்கு அடியில் கசிந்து கீழ் வயலுக்கு வந்துவிடும். கீழே வேர்க்கடலையோ தர்பூசணியோ போட்டிருந்தால் வேர் அழுகிப் போகும். நெல் என்றால் எல்லோரும் நெல், மேட்டுப் பயிர் என்றால் எல்லோரும் மேட்டுப் பயிர்.

பேச்சு என்று பெயரே தவிர, பேசுபவர் பெரியப்பா ஒருவர்தான். காலையில் ஏரிக்குப் போய் மதகுக் கல்லில் தண்ணீர் எதுவரை நிற்கிறது என்று பார்த்துவிட்டு வருவார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு "நெல்லு" என்பார். கூட்டம் முடிந்தது. பிறகு எல்லோரும் பெரியம்மா சுட்ட மசால்வடையைத் தின்போம். அந்த வடைக்காகவே நான் எந்த மடைப் பேச்சையும் தவறவிட்டதில்லை.

அந்த ஆண்டு அம்மா வடைத் தட்டைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். அம்மா பெரியப்பாவிடம் நேரே பேசமாட்டாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படித்தான். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் நடுவில் என்னை நிறுத்திக்கொள்வாள்.

"உங்க பெரியப்பாகிட்ட சொல்லு. இந்த வருசம் தர்பூஸ் போடலாம்னு அம்மா சொல்றான்னு."

பெரியப்பா ஒரு முழத் தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தார். இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே, நான் திரும்பிச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தே பதில் சொன்னார்.

"தர்பூஸா? இன்னாத்துக்கு? ஏரி நெறைய தண்ணி கீது, நெல்லு போடாம பழம் போட சொல்றாளா உங்கம்மா?"

அம்மாவுக்கு மதுராந்தகம் பக்கம். அவள் அண்ணன் அங்கே கோடையில் தர்பூசணி விளைத்து லாரி லாரியாக அனுப்புகிறவர். தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் அறுத்து வைத்திருக்கும் பழத்தைப் பார்க்கும்போதெல்லாம் "இது நம்ம மண்ணுல வராதா?" என்று அம்மா முனகுவாள். பல்லாவரத்தில் தோல் கம்பெனி ஷிப்ட்டுக்குப் போன அப்பா ஞாயிற்றுக்கிழமை விவசாயி. களை எடுத்தது, தண்ணீர் பாய்ச்சியது, அறுப்புக்கு ஆள் பிடித்தது எல்லாம் அம்மா. ஆனால் அந்த வயலில் என்ன விளைய வேண்டும் என்று யாரும் ஒரு தடவைகூட அவளைக் கேட்டதில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது பழம்கூட அல்ல, கேட்க வேண்டும், அவ்வளவுதான். அது எனக்கு அப்போதே தெரியும். ஏனென்றால் அந்தக் கோபத்தின் மிச்சம் மீதியெல்லாம் வீட்டில் என் தலையில்தான் இறங்கும்.

அப்பாவைப் பார்த்தோம். "எனக்கு மதியம் ஷிப்ட்டு" என்றார். சண்டை வரும்போதெல்லாம் அப்பாவுக்கு ஷிப்ட் வந்துவிடும். கடைசியில், அன்று பல்லாவரத்திலிருந்து வந்திருந்த சம்பத் சார்தான் தீர்த்துவைத்தார். அந்த வாரம்தான் அவர் நல்ல நாள் பார்த்துப் பூஜை போட்டு, வீட்டுக்கு அஸ்திவாரப் பள்ளம் தோண்டியிருந்தார். "பக்கத்தில் தண்ணி கட்டாமல் இருந்தால் எனக்கு உதவியாக இருக்கும், அண்ணா. தர்பூஸே போடலாமே" என்றார் பயந்துகொண்டே. பெரியப்பா கையிலிருந்த வடையைத் தட்டில் வைத்துவிட்டு, "சரி, போடுங்க" என்று எழுந்து உள்ளே போனார்.

அவர் அவ்வளவு சீக்கிரம் உள்ளே போன காரணம் பிறகுதான் தெரிந்தது. ஒவ்வொரு வருடமும் முடிவு நெல்தான் என்பதால், மடைப் பேச்சன்று விடியற்காலையிலேயே விதைநெல்லை ஊறப் போட்டுவிடுவது அவர் வழக்கம். அன்றும் போட்டிருந்தார். ஊறிய விதை ஊறியதுதான். கோழிக்குப் போட மனசு வராமல், கிணற்றடியில் சிறிய நாற்றங்கால் கட்டி விதைத்துவிட்டார். அது பார்த்தவர் கண்ணைப் பறிக்கிற பச்சையில் வளர்ந்தது.

அம்மாவின் தூக்கம் போயிற்று. டிவி மேல் முளைத்த விதைகளைக் குழியில் போட்டு, அவை கொடியோடத் தொடங்கியிருந்த நேரம். நாற்று முற்றினால் நட்டாக வேண்டும். நடுவதற்கு, பெரியப்பா தர்பூஸ் போடாமல் விட்ட மேல் வயல் காலியாகக் கிடக்கிறது. அது அவர் நிலம், யார் கேட்க முடியும்? ஒரே ஒரு நாள் தண்ணீர் கட்டினால் போதும், அம்மாவின் கொடிகள் கதை முடிந்துவிடும். தினமும் பால் வாங்கப் போகிற சாக்கில் கிணற்றடிப் பக்கம் போய், நாற்று எவ்வளவு உயரம் என்று பார்த்துவிட்டு வந்து, பாலைப் பொங்கவிடுவாள்.

இதற்கிடையில் சம்பத் சாரின் வீடு வேறு குளமாகியிருந்தது. பள்ளம் தோண்டிய கையோடு மறுபடி மழை கொட்டியது. பிறகு மார்கழி, வீட்டு வேலை ஆகாது. தை பிறந்ததும் மேஸ்திரி வேறு ஊர் வேலைக்குப் போனவர், சித்திரையில்தான் வருவேன் என்று சொல்லியனுப்பிவிட்டார். மழையில் சரிந்த மண் பாதியை மூடி, முழங்கால் சேறும் தண்ணீருமாக அந்தப் பள்ளம் ஒரு வீட்டின் வடிவத்தில் கிடந்தது.

பொங்கல் முடிந்த ஒரு காலை, பெரியப்பா நாற்றைப் பிடுங்கிக் கட்டுக் கட்டாகக் கட்டிக்கொண்டிருப்பதாகச் செய்தி வந்தது. அம்மா என்னைக்கூடக் கூப்பிடாமல் ஓடினாள். நான் பின்னால் ஓடினேன். பெரியப்பா மேல் வயல் வரப்பில், மண்வெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, மடையைத் திறப்பதா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தார். அம்மா மூச்சு வாங்க எதிரே போய் நின்று என்னைத் தேடினாள். நான் இன்னும் பத்தடி பின்னால் ஓடி வந்துகொண்டிருந்தேன்.

"மாமா," என்றாள் அம்மா. "சாரு தோண்டின பள்ளத்துல நட்டா இன்னா?"

பெரியப்பா நாற்றை மறந்து அம்மாவைப் பார்த்தார். அம்மா நிறுத்தவில்லை. "கார்த்திகைலேந்து அதுல தண்ணி நிக்குது. பக்கத்துலதான் என் கொடி கீது. ஒண்ணும் ஆவல. பள்ளம் கீழ கீது மாமா, தண்ணி மேல ஏறாது."

"வாத்தியாரு இன்னா சொல்லுவாரோ," என்றார் பெரியப்பா. அவ்வளவுதான் அவருக்கு ஆட்சேபம். மதியத்துக்குள் ஹாலிலும் இரண்டு படுக்கையறையிலும் நடவு முடிந்துவிட்டது.

சம்பத் சாருக்குத் தகவல் சொல்லத்தான் யாருக்கும் தைரியம் வரவில்லை. மாசியில் ஒரு நாள் அவரே மனைவியோடு வந்தார். அதற்குள் நெல் பள்ளத்தைவிட்டு மேலே எட்டிப் பார்த்து, தரையில் பச்சை மையால் வீட்டுப் படம் போட்ட மாதிரி நின்றது. சார் வரப்பிலேயே நின்று அறைகளை எண்ணினார். அவர் மனைவிதான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "இது கிச்சன், இது ஹால். ஏங்க, பூஜை ரூம்லகூட வந்திருக்குங்க!" என்று குழந்தையைப் போலச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"மேஸ்திரி வர்றதுக்குள்ள அறுத்துடுவேன் சார்," என்றார் பெரியப்பா. "உங்க வூட்ட நான் இன்னா தூக்கிகினா போயிடப் போறேன்?"

சொன்னபடி பங்குனிக் கடைசியில் அறுத்தார். எங்கள் பழமும் அதே சமயம்தான் பழுத்தது. முதல் பழத்தை அறுத்து, அம்மா என் கையில் கொடுத்தனுப்பாமல் தானே கொண்டுபோய் வைத்தாள். பெரியப்பா விதையைத் துப்பித் துப்பித் தின்றுவிட்டு, "உப்பு போட்டா இன்னும் நல்லாருக்கும்" என்றார். பிறகு உப்பு இல்லாமலே இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டார். சம்பத் சார் புது வீட்டில் பால் காய்ச்சிய அன்று, அந்த வீட்டில் விளைந்த அரிசியிலேயே பொங்கல் வைத்தார்கள். இப்படிப்பட்ட கிரகப்பிரவேசத்துக்கு நான் பிறகு போனதேயில்லை.

அடுத்த கார்த்திகை மடைப் பேச்சுக்கு நாங்கள் போனபோது, விதைநெல் மூட்டை கட்டு அவிழாமல் வாசலில் இருந்தது. பெரியப்பா என்னைத் தாண்டி அம்மாவைப் பார்த்தார். "இன்னாம்மா, இந்த வருசம் இன்னா போட்லாம்?"

இந்தக் கேள்விக்காக இத்தனை வருடம் காத்திருந்தவள் அம்மா. "நாளைக்கு சொல்றேன் மாமா" என்றாள். அன்றைக்கு அம்மா தின்ன மறந்த வடை இரண்டும் எனக்குக் கூடுதலாகக் கிடைத்தன.

இப்போது நான் மேடவாக்கத்தில், தண்ணீர் லாரி வரும் நேரத்தைப் பார்த்துக் குளிக்கிற ஒரு அடுக்குமாடியில் இருக்கிறேன். மடையும் கால்வாயும் எந்தச் சாலைக்கு அடியில் போயின என்று எனக்கே தெரியவில்லை. மேல் வயலில் கல்யாண மண்டபம், கீழ் வயலில் கார் பழுது பார்க்கிறார்கள். சம்பத் சார் வீடு மட்டும் அங்கேயே நிற்கிறது. எங்கள் வீட்டை மாடி எடுத்துக் கட்டினோம். கீழே அம்மா, மேலே பெரியப்பாவும் பெரியம்மாவும். பெரியப்பாவுக்கு இப்போது மொட்டைமாடிதான் வயல். போன ஆண்டு பிளாஸ்டிக் டிரம்மை வெட்டி அதில் நெல் நட்டுத் தண்ணீர் கட்டினார். அது தளத்தில் கசிந்து, மாடியைத் தாண்டி, சுவரோடு இறங்கி, அம்மாவின் படுக்கையறைக் கூரையில் பழுப்பாக ஒரு வட்டம் போட்டது. பெயிண்ட் அடித்தும் மறையவில்லை.

இந்தக் கார்த்திகையில், மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் அம்மாவோடு உட்கார்ந்திருந்தேன். மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. பெரியப்பா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கிவந்து வாசலில் நின்றார். கையில் சின்னத் துணி மூட்டை. முடிச்சு அவிழ்க்கவில்லை.

"ஊறப் போடட்டுமாம்மா?" என்றார்.

அம்மா தலையைத் தூக்கிக் கூரையில் இருந்த அந்த வட்டத்தைப் பார்த்தாள். "போடுங்க மாமா," என்றாள். பிறகு என்னிடம் திரும்பி, கட்டிலை அந்தப் பக்கம் நகர்த்தச் சொன்னாள்.