பதினாறு அங்குல டயர்

அன்று மேஸ்திரியின் கொட்டகையில் இருந்தவர்கள் மொத்தம் நான்கு பேர். மோட்டார் ரிப்பேர் செய்யும் மேஸ்திரி. என் அக்கா புருஷன்; அவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். வைத்திக்குப்பத்திலிருந்து மீன் விற்க வந்து, கூடையை இறக்கிவைத்து வேடிக்கை பார்க்க நின்றுவிட்ட மீன்காரம்மா. பிறகு நான். வேறு ஒருவரும் இல்லை என்று அடித்துச் சொல்வேன். ஏனென்றால் அந்தச் சத்தம் கேட்டவுடன் நான் செய்த முதல் காரியம் ஆட்களை எண்ணியதுதான். நான்கு பேரும் உயிரோடு இருந்தோம். நின்றுகொண்டிருந்தது நான் ஒருவன்தான் என்பது வேறு விஷயம்.

மாமா புதுச்சேரியில் ஒரு வக்கீலிடம் காரோட்டியாக இருந்தார். வக்கீல் தமிழர்தான், ஆனால் பிரான்சில் படித்துவிட்டு வந்தவர் என்பதால் எல்லோருக்கும் அவர் முசியே, பிரெஞ்சு ஐயா. அவரிடம் இருந்தது கூரையில்லாத, தரையோடு தரையாகத் தாழ்ந்த, இரண்டே பேர் உட்காரும் சிவப்புக் கார். கப்பலில் வந்தது. அது கடற்கரைச் சாலையில் போனால் போன பிறகுதான் சத்தம் வரும் என்று மாமா பெருமையடிப்பார். அதைத் துடைப்பதற்கும் ஓட்டுவதற்கும் அவருக்கு மாதம் பதினெட்டு ரூபாய் சம்பளம். அந்தச் சம்பளத்தில்தான் அக்காவும் கைக்குழந்தையும் சாப்பிட்டார்கள்.

முசியே பதினைந்து நாள் கொடைக்கானல் போயிருந்தபோது மாமா ஒரு காரியம் செய்தார். குழந்தையை என் அம்மாவிடம் விட்டுவிட்டு, அக்காவை அந்தக் காரில் ஏற்றிக்கொண்டு வீராம்பட்டினம் தேர்த் திருவிழாவுக்குப் போய்விட்டார். கேட்காமல். திரும்பும்போது மணலில் புதைந்திருந்த, கூடாரம் அடிக்கிற இரும்பு முளை ஒன்று முன்டயரின் பக்கவாட்டை ஒரு சாண் நீளத்துக்குக் கிழித்துவிட்டது. ஸ்டெப்னியைப் போட்டு ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். ஆனால் அந்தக் காரில் ஸ்டெப்னி பின்பக்கம் எல்லோர் கண்ணிலும் படும்படித்தான் தொங்கும். இப்போது அந்த இடத்தில் வாயைப் பிளந்துகொண்டு கிழிந்த டயர் தொங்கியது. முசியே ஞாயிற்றுக்கிழமை வருகிறார். அன்று திங்கள்.

ஊரில் பிரெஞ்சு டயர் விற்கும் ஒரே கடையில் போய்க் கேட்டோம். டயரில் 140 x 40 என்று போட்டிருந்தது.

"இந்த நம்பரு கப்பல்லதான் வரணும். ரெண்டு மாசம் ஆவும்" என்றார் கடைக்காரர்.

கடலூரில் கேட்டுப் பார்க்கலாம் என்றார் மாமா. புது டயர் போட்ட சக்கரத்தை முன்னாலேயே மாட்டிவிட்டு, ஸ்டெப்னியைப் பழையபடி பின்னால் தொங்கவிடுவது அவர் திட்டம். புதுச்சேரி பிரெஞ்சுக்காரன் சீமை, கடலூர் இங்கிலீஷ்காரன் சீமை. அங்கே டயரெல்லாம் அங்குலக் கணக்கு. இதை எப்படி அதாக மாற்றுவது? மாமா என்னைப் பார்த்தார்.

நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் துணிக்கடையில் அளந்து கிழிக்கிற வேலை. எங்கள் கடையில் ஒரு பக்கம் பிரெஞ்சு மீட்டரான மேத்தர் கணக்குத் துணி, மறு பக்கம் சென்னையிலிருந்து வந்த கெஜக் கணக்குத் துணி. வருகிறவர்களில் பாதிப் பேர் கடலூர், விழுப்புரம் பக்கத்து ஜனங்கள். அதனால் புதுச்சேரித் துணிக்கடைக்காரன் எவனைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான்: ஓர் அங்குலத்துக்கு இரண்டரை சாந்திமேத்தர், இங்கிலீஷில் சென்டிமீட்டர். நூற்று நாற்பது என்பது டயரின் அகலம், மில்லிமேத்தரில்; நாற்பது என்பது சக்கரத்தின் குறுக்களவு, சாந்திமேத்தரில். இரண்டரையால் வகுத்தேன். பதினாறு. ஒரு பொட்டு மீதியில்லை.

கதவைப் பூட்டிவிட்டு நான்கு தரம் இழுத்துப் பார்க்கிற ஆள் நான். அந்தக் கணக்கை ஒரே தரம்தான் போட்டேன். அவ்வளவு சுத்தமாக வந்த விடையைச் சந்தேகப்பட எனக்குத் தோன்றவில்லை.

முதலாளியிடம் கைநீட்டி நாற்பத்துமூன்று ரூபாய் வாங்கினேன். கடலூர் போனேன். டயர் முப்பத்தெட்டு, டியூப் ஐந்து. அகலம் ஐந்தரை, குறுக்களவு பதினாறு. கடைக்காரர் "எந்தக் காருக்கு?" என்று கேட்டார். "பதினாறு அங்குலக் காருக்கு" என்று சொன்னேன். அவரும் தலையாட்டினார்.

வியாழக்கிழமை காலை மேஸ்திரியின் கொட்டகையில் கிழிந்த டயரைக் கழற்ற மூன்று நெம்புகம்பிகளும் அரை மணி நேரமும் ஆயின. மேஸ்திரி அந்த டயரின் அம்மாவை, அக்காவை எல்லாம் இழுத்தார். பிறகு புது டயரை எடுத்து விளிம்பில் வைத்து, காலால் ஒரு மிதி மிதித்தார். ஏறிவிட்டது. கம்பியே இல்லாமல்.

"பாத்தியா மேஸ்திரி, செருப்பு மாட்டற மாரி பூந்துக்கிச்சு!" என்று மாமா கைதட்டினார். "என் மச்சான் கணக்குன்னா சும்மாவா?"

மேஸ்திரி சிரிக்கவில்லை. "இவ்ளோ லேசா எதுவும் ஏறி நான் பாத்ததில்லயே" என்றார்.

போடும்போதே தளர்கிற சட்டையை தையல்காரனிடமிருந்து யாரும் வாங்கிப்போனதில்லை. "மாமா, ஒருதரம் கழட்டிப் பாக்கலாமா?" என்றேன்.

"ஆரம்பிச்சிட்டான். கல்யாண வூட்டுக்குப் போனாலும் பந்தல் வுழுந்துடுமான்னு கேக்கறவன்டா நீ. சும்மா இரு."

மீன்காரம்மா சிரித்தாள். நான் சும்மா இருந்தேன்.

மேஸ்திரி காற்றடிக்க ஆரம்பித்தார். பம்பு ஏறி இறங்கியது. டயர் ஒரு பக்கம் சரியாக உட்கார்ந்திருந்தது. என் பக்கம் மட்டும் விளிம்பை விட்டு மெதுவாக எழும்பியது. அந்த இடைவெளியில் டியூப் நாக்கை நீட்டுவதுபோல வெளியே வந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். விரல் அளவு, பிறகு எலுமிச்சம்பழ அளவு. எதற்கெடுத்தாலும் கத்துகிற எனக்கு அப்போது குரல் எழும்பவில்லை.

வெடித்தது.

எதுவும் கேட்கவில்லை. கூரையிலிருந்து தூசி கொட்டியது. எண்ணினேன். மேஸ்திரி உட்கார்ந்த நிலையில், கையில் பம்பின் பிடி மட்டும். மாமா காருக்கடியில் பாதி உடம்போடு. மீன்காரம்மா கவிழ்ந்த கூடைக்குப் பக்கத்தில் மண்டி போட்டிருந்தாள். மீனெல்லாம் கிரீஸ் மண்ணில் கிடந்தது. நான்.

முதலில் எனக்குத் திரும்பவும் கேட்ட சத்தம் அவளுடையதுதான். "எவன்டா சுட்டது? எம் மீனுக்கு எவன்டா காசு குடுப்பான்?"

மேஸ்திரி ஒரு காதைப் பொத்திக்கொண்டு எழுந்தார். என் கழுத்தில் எப்போதும் கிடக்கும் அளவு டேப்பை உருவினார். சக்கரத்தின் இரும்பு வளையத்தின் குறுக்கே வைத்தார்.

"பதினாறு இல்லடா இது. பதினஞ்சே முக்கால்."

"கணக்கு சரியாத்தானே வந்துது?"

அவர் டேப்பைத் திருப்பிப் பிடித்தார். ஒரு பக்கம் அங்குலம், பின்பக்கம் சாந்திமேத்தர். ஆறு வருஷமாக என் கழுத்தில் கிடந்த டேப். நாற்பது என்ற கோட்டின் மேல் நகத்தை வைத்து மறுபக்கம் காட்டினார். அது பதினாறை எட்டவே இல்லை, கால் அங்குலம் முன்னாலேயே நின்றது. இரண்டரை என்பது துணிக்குச் சொல்கிற தோராயம். இரண்டரைக்கு மேல் ஏதோ துளி இருக்கிறது. அந்தத் துளி பதினாறு தரம் சேர்ந்தால் கால் அங்குலம்.

"துணின்னா மடிச்சுத் தச்சிடுவே" என்றார் மேஸ்திரி. "இரும்ப எங்க மடிக்கிறது?" பிறகு கொஞ்சம் தாழ்ந்த குரலில், "இங்க வெடிச்சிது, சரி. ஒழுங்கா உக்காந்த மாரி ஏமாத்திட்டு, முசியே அறுபது மைல்ல போவும்போது கழண்டிருந்தா?"

அதுவரை நின்றுகொண்டிருந்த நான் அப்போதுதான் உட்கார்ந்தேன். மாமாவின் வேலையைக் காப்பாற்றப் போய் அவரையும் முசியேயையும் சேர்த்துக் கொன்றிருப்பேன். ஒரு மீதியில்லாத கணக்கை வைத்துக்கொண்டு.

ஞாயிற்றுக்கிழமை மாமாவோடு நானும் போனேன். கணக்கு என்னுடையது. முசியே காரின் பின்பக்கத்தைப் பார்த்தார், பிறகு மாமாவைப் பார்த்தார். மாமா திருவிழாவை ஒப்புக்கொண்டார். கடலூர் டயரை நான் சொன்னேன், இரண்டரையையும் சேர்த்து. முசியேயின் முகம் வெளுத்துப்போனது.

"செவ்வாக்கிழமை நான் காரைக்கால் போறேன்" என்றார். "அந்தச் சக்கரத்து மேலதான் போயிருப்பேன்."

அக்காவும் குழந்தையும் என் கண்ணுக்கு முன்னால் நின்றார்கள்.

"ஸ்டெப்னி இல்லாம ரெண்டு மாசம் ஓட்டணும்" என்றார் முசியே கடைசியில். "புதுசா ஒருத்தன வச்சா மூணாவது நாள் நடுவழியில நிக்க வைப்பான். நீயே ஓட்டு. பிரெஞ்சு டயர் விலை உன் சம்பளத்துல. மாசம் மூணு ரூபா."

மாமா வேலையில் இருந்தார். வெளியே வந்ததும் அவர் பீடி பற்றவைத்தார்.

கடலூர் கடைக்காரர் ஒருமுறை ஏறி இறங்கிய டயர் என்று சொல்லி இருபத்துநான்கு ரூபாய்க்குத்தான் திருப்பி எடுத்துக்கொண்டார். டியூப் போனது போனதுதான். நஷ்டம் பத்தொன்பது. முதலாளிக்கு அதை மாதம் இரண்டு ரூபாயாக நானே அடைத்தேன். மீன்காரம்மாவுக்கு மீன் காசை மேஸ்திரி கொடுத்துவிட்டார். பத்தொன்பதில் பாதி தன்னுடையது என்று மாமா அக்கா தலையில் கைவைத்துச் சொன்னார். பிரெஞ்சு டயர் கடன் தீரட்டும் என்றார், தீர்ந்தது. குழந்தைக்குக் காது குத்தட்டும் என்றார், குத்தியாயிற்று. நானும் எப்படிக் கேட்பது என்று யோசித்தே நாளை ஓட்டிவிட்டேன். மாமா எனக்குத் தரவேண்டியது இன்றைக்கும் ஒன்பது ரூபாய் எட்டணா.