முதல் தடவைதான் கணக்கு

அர்த்தநாரி ஃபெயில் போட்ட சாமான்களை அடுக்கினால் சேலத்தில் ஒரு கடையே வைக்கலாம். எங்கள் அரசுச் சோதனைக் கூடத்துக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. மழையில் நனைந்தால் ஊமையாகிவிடும் சைரன், வெயில் ஏறியதும் இஷ்டத்துக்கு ஓடும் மீட்டர், கதவு திறக்காத அவசர வழிப் பூட்டு என்று எல்லாம் அங்கே கிடக்கும். கம்பெனிக்காரர்கள் திரும்ப எடுத்துப் போகவும் வெட்கப்பட்டு விட்டுப் போனவை. நாங்கள் அதை அர்த்தநாரியின் சுடுகாடு என்போம். அவன் காதுபடவே சொல்வோம், அவன் கண்டுகொள்ள மாட்டான்.

அரசாங்கம் எதை மொத்தமாக வாங்குவதானாலும் முதலில் எங்களிடம் வரும். அர்த்தநாரி சிஸ்டம்ஸ் இன்ஜினியர், சோதனை மதிப்பீட்டுப் பிரிவு. நான் பக்கத்து மேஜை. அவன் கெட்டவன் இல்லை. லஞ்சம் தொடமாட்டான், கம்பெனிக்காரன் வாங்கித் தரும் டீயைக்கூடக் குடிக்கமாட்டான். கெட்டவனாக இருந்தால் எப்படியாவது சமாளித்துவிடலாம். நேர்மையானவன் பக்கத்தில் வருஷக்கணக்காக உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய தண்டனை என்பது எனக்குத்தான் தெரியும்.

அவனுக்கு இரண்டு சட்டங்கள். சோதனை எப்போது என்று முன்கூட்டிச் சொல்லக் கூடாது. முதல் தடவைதான் கணக்கு. இரண்டையும் அவன் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. நாமக்கல் பக்கம் லாரிக்காரர்கள் நடுவில் வளர்ந்தவன். லாரியைத் தகுதிச் சான்றுக்கு, அதாவது எஃப்சிக்கு, கொண்டுபோகிற அன்றைக்கு மட்டும் நல்ல டயரை வாடகைக்கு வாங்கி மாட்டி, சர்ட்டிபிகேட் கைக்கு வந்ததும் கழற்றிக் கொடுத்துவிட்டு, மொட்டை டயரோடு லோடு ஏற்றிப் போகிற வித்தையைச் சின்ன வயதிலேயே பார்த்தவன். சொல்லிவிட்டுச் செய்கிற சோதனை சோதனையே இல்லை என்பான். அது உண்மைதான். அவன் சொன்னதெல்லாம் உண்மையாக இருந்ததுதான் எங்களுக்கு எரிச்சல்.

தனியாக இருக்கும் வயதானவர்களுக்குக் கழுத்தில் மாட்டும் அபாயப் பட்டன் வாங்குவதென்று ஒரு திட்டம் வந்தது. விழுந்தாலோ நெஞ்சு வலித்தாலோ அமுக்க வேண்டும். முதலில் மகனுக்கோ மகளுக்கோ போன் போகும், பட்டன் வழியாகவே பேசலாம். அவர்கள் எடுக்காவிட்டால், அல்லது வெட்டிவிட்டால், அடுத்ததாகப் பக்கத்தில் இருக்கும் ஒருவருக்குப் போகும். பெரிய கம்பெனிகளோடு ராசிபுரத்திலிருந்து சௌந்திரம் என்ற பெண்ணும் மாதிரி கொடுத்திருந்தாள். புருஷன் இல்லை. வீட்டு நகையை வைத்து ஒரு சின்னப் பட்டறை நடத்தினாள். பட்டன் நன்றாகவே செய்திருந்தாள்.

ஆனால் நம் ஆட்கள் செய்கிற தப்பைச் செய்துவிட்டாள். நல்ல காரியம் என்று அமாவாசை வரை காத்திருந்து, அன்றைக்குப் பூசணிக்காய் சுற்றி உடைத்துவிட்டுத்தான் பட்டன்களுக்கு சிம் கார்டு வாங்கிப் போட்டுப் பெட்டியைக் கூடத்தில் கொடுத்தாள். மறுநாள் காலையிலேயே அர்த்தநாரி சொல்லாமல் கொள்ளாமல் பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்து அமுக்கினான். சிம் இன்னும் உயிர் பெறவில்லை. சாயங்காலத்துக்குள் பெட்டியில் இருந்த அத்தனையும் வேலை செய்தன. அதற்குள் அவன் ஃபெயில் எழுதி அனுப்பியிருந்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் அவனோடு ஜேடர்பாளையம் போயிருந்தேன். தடுப்பணைக்குப் பக்கத்தில் மீன் சாப்பிட்டுவிட்டு அவன் அப்பாவின் தோட்டத்துக்குப் போனோம். அப்பா கருப்பண்ணன் அங்கே தனியாக இருந்தார். மனைவி போய்ச் சேர்ந்து சில வருஷம். பேச்சுத்துணைக்கு ஓடைக்கு அந்தப் பக்கம் ஆடு மேய்க்கிற அம்மாசி மட்டும்தான். எப்படி விசாரித்தாளோ, சௌந்திரம் அங்கேயே வந்துவிட்டாள்.

"இன்னொரு வாட்டி மட்டும் பாத்துப்போடுங்க சார். மெஷினு மேல தப்பு இல்லைங்க. நா நாள் பாத்ததுதானுங்க தப்பு" என்றாள்.

கருப்பண்ணன் அவளை உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். "ஒருக்கா பாத்துரு சாமி. பொம்பளப்புள்ள இத்தன தூரம் வந்திருக்குது" என்றார் மகனிடம்.

அர்த்தநாரி குரலை உயர்த்தவில்லை. அவன் எப்போதுமே உயர்த்தமாட்டான். "அம்மா, விழுகறவன் இன்னொரு தடவை விழுந்து காட்டமாட்டானுங்க. முதல் தடவைதான் கணக்கு. போயிட்டு வாங்க" என்றான்.

அவள் மோரைப் பாதியிலேயே வைத்துவிட்டுப் போனாள். கிழவர் அந்த டம்ளரை எடுத்துக் கழுவிக் கவிழ்த்தார். "சரி, உம்பட வேல" என்று மட்டும் சொன்னார். கொஞ்ச நாளில் அவள் பட்டறையை மூடிவிட்டாள் என்று கேள்விப்பட்டோம். அர்த்தநாரியிடம் சொன்னேன். அதற்கும் பட்டனுக்கும் சம்பந்தமில்லை என்றான்.

வேறொரு கம்பெனியின் பட்டன் கூடத்துச் சோதனையில் தேறியது. அடுத்தது வெளியிடச் சோதனை. வயதானவர்கள் கழுத்தில் நிஜமாகவே மாட்டிவிட்டுப் பார்க்க வேண்டும். அர்த்தநாரி ஒன்றைக் கொண்டுபோய்த் தன் அப்பா கழுத்திலேயே மாட்டினான். அன்றைக்கும் நான் கூட இருந்தேன். எங்களுக்கு வகுப்பெடுப்பது மாதிரியே அவருக்கும் எடுத்தான்.

"இந்தப் பட்டன் மட்டும் சிஸ்டம் இல்லைங்கப்பா. பட்டன், சிம்மு, டவரு, போனு, எல்லாம் சேந்ததுதான் சிஸ்டம். அதுல கடைசிப் பாகம் மனுசன். போனு அடிச்சா எடுக்கறவன். அவன் எடுக்கலைன்னா மத்ததெல்லாம் இருந்தும் பிரயோசனமில்லை."

கருப்பண்ணன் பட்டனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மொதல்ல ஆருக்குப் போவுது?"

"எனக்குங்க. நான் எடுக்கலைன்னா அம்மாசிக்கு."

"நீ எடுத்துருவியா சாமி?"

"எடுக்காம என்னங்கப்பா."

பட்டன் வந்த பிறகு அவனுடைய ஞாயிற்றுக்கிழமைகள் குறைந்தன. முன்பு வாரம் தவறாமல் போய்க்கொண்டிருந்தவன் மாதத்துக்கு ஒருமுறை போனான். பிறகு அதுவும் இல்லை. கேட்டால், அதுதான் பட்டன் இருக்கிறதே என்பான். அப்பன் கழுத்தில் ஒரு பிளாஸ்டிக்கைத் தொங்கவிட்டுவிட்டு நிம்மதியாக இருந்த அவனைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது.

ஆவணியில் ஒரு புதன்கிழமை மத்தியானம். சென்னையிலிருந்து வந்த அதிகாரிகள் முன்னால் அர்த்தநாரி வெளியிடச் சோதனையைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தான். மேஜைமேல் இருந்த அவன் போன் அடித்தது. திரையில் 'அப்பா பட்டன்' என்று வந்ததை நான் பார்த்தேன். அவனும் பார்த்தான். வெட்டினான்.

"பார்த்தீங்களா, எங்கப்பாதான். மாட்டிவிட்ட எல்லார்கிட்ட இருந்தும் பத்துக்கு ஒன்பது இப்படித்தான் வருது. திரும்பிப் படுத்தாக்கூட அமுங்கிடும். இந்தப் பொய் அலாரம்தான் இதில் பெரிய குறை" என்றான். அதிகாரிகள் சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டார்கள். நல்ல சமயத்தில் நல்ல உதாரணம் கிடைத்த சந்தோஷம் அவன் முகத்தில் தெரிந்தது.

அவன் வெட்டிய போன் அம்மாசிக்குப் போனது. அம்மாசி ஆடுகளை ஓடைக்கரையில் அப்படியே விட்டுவிட்டு ஓடியிருக்கிறான். செருப்பு ஓடைச் சேற்றில் மாட்டிக்கொண்டது, அதையும் விட்டுவிட்டு ஓடினான். போய்ப் பார்த்தால் கருப்பண்ணன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அடிபடவில்லை, வலி இல்லை. கையில் பட்டன் இருந்தது. அம்மாசியைப் பார்த்ததும், "நீ வந்துட்ட" என்றாராம். அவ்வளவுதான்.

அதற்குள் ஆடுகள் பக்கத்துக் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளிக் காட்டில் புகுந்துவிட்டன. அந்தத் தழையைத் தின்ற ஆடு பிழைக்காது என்பது இந்தப் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். அம்மாசி திரும்பி ஓடுவதற்குள் சினையாடு ஒன்று வயிறு உப்பி விழுந்துவிட்டது. கருப்பண்ணன் தன் பட்டியிலிருந்து ஒரு சினையாட்டைப் பிடித்துவந்து அவன் கையில் கயிற்றைக் கொடுத்தார். எதற்காக அமுக்கினார் என்பதை அன்றைக்கே அவனிடம் சொல்லியும்விட்டார்.

அர்த்தநாரி கூட்டம் முடிந்து, அதிகாரிகளை வண்டியேற்றிவிட்டு, இருட்டுக்கட்டும் நேரத்தில் கூப்பிட்டான். "என்னங்கப்பா, தவறி அமுங்கிருச்சுங்களா?"

"ஆமா சாமி, தவறி அமுங்கிருச்சு" என்றாராம் அவர். அவன் அதைப் பொய் அலாரம் என்று எழுதிவைத்தான்.

தை மாதக் கடைசியில் கருப்பண்ணன் செத்துப்போனார். விடிகாலையில் மோட்டார் போடப் போனவர் ரூமுக்குப் பக்கத்திலேயே விழுந்து கிடந்திருக்கிறார். அம்மாசி பார்த்தபோது உடம்பு சில்லிட்டிருந்தது. பட்டன் கழுத்திலேயே இருந்தது. வலது கை அதற்கு வெகு பக்கத்தில், நெஞ்சின்மேல் கிடந்தது. ஆனால் அமுக்கவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளே அர்த்தநாரி அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் அழுவான் என்று நினைத்தேன். "அமுக்கியிருப்பாரு, பட்டன் வேலை செஞ்சிருக்காது" என்றான். சொல்லிவிட்டு, என் கண்முன்னாலேயே, பிணத்தின் கழுத்தில் கிடந்த பட்டனை அமுக்கினான்.

அவன் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்து வெட்டினான். உடனே வாசலில் மூங்கில் நட்டுக்கொண்டிருந்த அம்மாசியின் போன் அடித்தது. அம்மாசி மூங்கிலைக் கீழே போட்டுவிட்டு எடுத்து, "அய்யா" என்றான். அந்தக் குரல் இரண்டு பக்கமும், வாசலிலிருந்தும் பட்டனுக்குள்ளிருந்தும், கேட்டது. பட்டன் நன்றாகத்தான் வேலை செய்தது.

காவிரிக் கரைச் சுடுகாட்டில் அர்த்தநாரிக்கு மொட்டை அடித்தார்கள். ஈர வேட்டியோடு குடத்தைத் தூக்கித் தோளில் வைக்கப் போனபோது, பங்காளிகளில் மூத்தவரான காத்தான் பெரியப்பா முன்னால் வந்தார். "செத்த பொறு சாமி" என்றார். சொல்ல வேண்டியதை வீட்டிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம். தைரியம் வராமல் மொட்டை அடிக்கிறவரை விட்டிருந்தார் மனுஷன்.

"கருப்பண்ணன் பொங்கலுக்கு முந்தியே எங்கிட்டச் சொல்லிப்போட்டான். கொள்ளி நீ வெக்க வேண்டாமாம். அம்மாசி வெக்கோணுமாம்."

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. மகன் இருக்கையில் ஆடு மேய்க்கிறவனா என்றார் ஒருவர். அர்த்தநாரி மட்டும் அமைதியாக, கூடத்தில் கேட்பது மாதிரியே, "காரணம் என்னங்க பெரியப்பா?" என்றான்.

காத்தான் அம்மாசியைப் பார்த்தார். அம்மாசி தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான். "ஆவணியில ஒருக்கா பட்டன அமுக்குனாருங்க. தவறி அமுங்கலைங்க. அமுக்கித்தான் பாத்தாரு. பட்டன், டவரு எல்லாத்தையும் எம்பையன் பாத்துட்டான், கடைசிப் பாகத்த நான் பாக்கறேன்னாரு. நீங்க வந்து நிக்கோணும்னு நெனைக்கலைங்க. போன எடுத்து ஏனுங்கப்பான்னு கேட்டிருந்தாப் போதுமுங்க."

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. அன்னைக்கு மீட்டிங்" என்று ஆரம்பித்தவன், நடுவிலேயே நிறுத்தினான்.

காத்தான் தொண்டையைச் செருமினார். "நீ அப்படிச் சொன்னா இதச் சொல்லச் சொன்னான். விழுகறவன் இன்னொரு தடவ விழுந்து காட்டமாட்டானாம்."

அர்த்தநாரி குடத்தைக் கீழே வைத்தான். ஒரு கிழவர் மகனுக்கு இவ்வளவு செய்வாரா என்று எனக்குக் கோபம் வந்தது. பெற்ற பிள்ளைக்கு வேறு எந்தத் தண்டனையும் அவருக்குக் கிடைக்கவில்லையா. சாகும்போதுகூட அந்தப் பட்டனை அமுக்காமல் செத்திருக்கிறார். மகனுக்குத் திருத்திக்கொள்ள ஒரு வாய்ப்பைக்கூடக் கொடுக்கவில்லை. அந்தக் கிழவரை நான் நல்லவர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

குடம் அம்மாசியின் தோளுக்குப் போனது. மூன்று சுற்று முடிந்தது. பங்காளிகள் பாதிப்பேர் கோபித்துக்கொண்டு மேட்டுக்குப் போய்விட்டார்கள். கொள்ளிக்கட்டை கைக்கு வந்ததும் அம்மாசி சிதைப் பக்கம் போகவில்லை. அவன் அர்த்தநாரியிடம் வந்து, அவனுக்கும் அருகே நின்ற எனக்கும் மட்டும் கேட்கும்படி மெதுவாகச் சொன்னான்.

"நீங்களே வெச்சுருங்க சாமி. பெரியவரு மேல போயிட்டாரு, அவருக்குத் தெரியவா போவுது. இன்னொரு சான்ஸு தப்பில்லைங்க."

அர்த்தநாரி கையை நீட்டினான். விரல்கள் கட்டையைத் தொட்டன. நான் மனதுக்குள், வாங்குடா, வாங்கிக்கோடா என்றேன். அவன் கையை இழுத்துக்கொண்டான்.

"இல்ல அம்மாசி. முதல் தடவைதான் கணக்கு. நீ வை."

அம்மாசி அழுதுகொண்டே வைத்தான். கொள்ளி வைத்தவன் திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும், அதுதான் வழக்கம். அம்மாசி ஆற்றைப் பார்த்து நடந்துவிட்டான். வைக்காதவனுக்கு அந்தத் தடை கிடையாது. அர்த்தநாரி கடைசிவரை பார்த்துக்கொண்டு நின்றான்.