பண்ணைக்கு முதல் வேட்டு

திரி முறுக்குவதில் என் கணவருக்கு இருந்த பொறுமை பேச்சில் கிடையாது. பருத்தி நூலைப் புரியாக முறுக்கி, வெடியுப்புக் கரைத்த தண்ணீரில் ஊறப்போட்டு, நிழலில் காயவைப்போம். நுனியில் நெருப்பு வைத்தால் சுடர்விடாமல் கனன்றுகொண்டே போக வேண்டும். பொறி தெறித்தால் அந்தத் திரி அடுப்புக்குத்தான். நல்ல திரியை ஆளுயர மூங்கில் கழியில் சுற்றி, நுனியை இரும்புக் கவ்வியில் மாட்டினால் திரிக்கோல் தயார். அதை நீட்டி, எட்ட நின்றே பீரங்கியைக் கொளுத்தலாம். வேலையில் பாதி என் கை. பேர் மட்டும் அவருக்கு.

எங்கள் ஊர் குடவாசல் பக்கம். கோயிலில் ராஜா காலத்துக் குட்டைப் பீரங்கி ஒன்று உண்டு. குண்டு கிடையாது. கருமருந்தைக் கெட்டித்து வெறும் சத்தத்துக்காக வெடிப்பதுதான். மாசித் திருவிழாவில் சாமி புறப்பட்டதும் முதல் வேட்டு பண்ணையார் வாசலில். அது ஊர் அவருக்குச் செய்யும் மரியாதை. 'பண்ணைக்கு வேட்டு' என்றே சொல்வோம்.

ஆட்சி மாறி, சுவரெல்லாம் கறுப்பு சிவப்பாக இருந்த காலம். கூலி நெல்லை உயர்த்திக் கேட்டு அந்த அறுவடைக்கு ஆட்கள் வயலில் இறங்கவில்லை. பண்ணையில் கூலிக்கு அறுக்கும் என் கணவரும் அரிவாளைக் கூரையில் செருகிவிட்டார். பண்ணையார் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்தார். பக்கத்து ஊரில் ஒரு வைக்கோல் போர் எரிந்தது. எங்கள் பள்ளிக்கூடத்தில் போலீஸ் வந்து தங்கியது.

திருவிழாவுக்கு முதல் நாள், டீக்கடையில் யாரோ கேட்டிருக்கிறார்கள்: "இந்த வருசம் வேட்டு உண்டாண்ணே?"

"இல்லாம என்ன? நாளைக்கு முதல் வேட்டு பண்ணைக்குத்தான். திரியெல்லாம் ரெடி" என்று இவர் கடையே கேட்கச் சொல்லியிருக்கிறார்.

பக்கத்தில் நின்றவர் வெளியூர்ப் போலீஸ்காரர். பண்ணையாருக்கு வேட்டு வைக்கப்போகிறான் என்றுதான் அவருக்கு விளங்கியது. கையிலிருந்த டீயைக்கூடக் குடிக்கவிடாமல் இவரை இழுத்துப்போனார்கள். வீட்டுக்கும் வந்து மருந்துப் பானையையும் திரிக்கோலையும் எடுத்துக்கொண்டார்கள். அந்த நாட்களில் அப்படிப் போன ஆள் முழுசாகத் திரும்பி வருவது சந்தேகம்.

பண்ணையாரிடம் ஓடினேன். களத்தில் நின்று போரடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, அது மரியாதை வேட்டுன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதுங்க."

"சொல்றேன். நாளைக்குக் காலையில உன் வீட்டுக்காரன் அரிவாளோட என் வயல்ல எறங்கணும். சம்மதமான்னு கேட்டுட்டு வா."

விவரம் தெரியாமல் பேசியிருந்தால் மன்னித்திருப்பேன். எல்லாம் தெரிந்த மனுஷன், சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பள்ளிக்கூட ஜன்னல் வழியாக இவரைப் பார்த்தேன். உதடு கிழிந்திருந்தது. பண்ணையார் சொன்னதைச் சொன்னதும், "எறங்க மாட்டேன். நீ வீட்டுக்குப் போ" என்றார். நேரே இன்ஸ்பெக்டரிடம் போனேன்.

"இதுல குண்டு கிடையாதுங்க, சத்தம் மட்டுந்தான். பீரங்கி எதுத்தாப்புல கோயில்லதான் இருக்கு. வேணும்னா நான் போட்டுக் காட்டுறேங்க."

"நீயா? போடு, பார்க்கலாம்" என்றார்.

பீரங்கியை மைதானத்துக்கு உருட்டிவந்தார்கள். மருந்தை அளவாக இட்டுக் கெட்டித்தேன். அதுவரை பார்த்திருக்கிறேனே தவிர, நானே கொளுத்தியதில்லை. திரியை ஊதிக் கனல வைத்தேன். கோலின் முனை, பீரங்கியின் முதுகில் நெருப்பு வைக்கும் துளையைத் தாண்டித் தாண்டிப் போனது. முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுத்தினேன்.

தரை அதிர்ந்தது. காதில் ஒன்றும் விழவில்லை. புகை விலகியதும், மைதானத்தில் ஒரு குழிகூட விழாததை இன்ஸ்பெக்டர் நடந்து நடந்து பார்த்தார்.

அதற்குள் வாய்க்கால் கரையில் புழுதி கிளம்பியது. எங்கள் தெரு ஜனம் மொத்தமும் வந்துகொண்டிருந்தது. திருவிழாவோ நாளைக்கு, இன்றைக்கு வேட்டுக்கு வேலையில்லை. போலீஸ் இவரைச் சுட்டுவிட்டது என்றே நினைத்துவிட்டார்கள். பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு வந்தார்கள். போலீஸ்காரர்கள் துப்பாக்கியைத் தூக்கிவிட்டார்கள். ஒரு கல் வந்து விழுந்திருந்தால் போதும், எல்லாம் முடிந்திருக்கும்.

"வேட்டுதான்! அவரு உசுரோடதான் இருக்காரு!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். இன்ஸ்பெக்டருக்கு வியர்த்துவிட்டது. "மொதல்ல அவனை வெளிய விடுங்கய்யா" என்றார்.

இவர் வாசலுக்கு வந்து நின்றதும் கூட்டம் அப்படியே மண்ணில் உட்கார்ந்தது. நானும் உட்கார்ந்து அழுதேன். அவரைப் பார்த்து அழவில்லை, அவர்களைப் பார்த்துத்தான். அதே சத்தத்தைக் கேட்டுப் பண்ணை வீட்டில் கதவைச் சாத்தித் தாழ் போட்டார்களாம். சுடுகிற சத்தம் கேட்டால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்றுகூட எங்கள் ஜனத்துக்குத் தெரியவில்லை.