கறுப்பு உமி

காலை 6.10. செங்கலடிச் சந்தியில் இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது ஓர் ஆட்டோ. பின் இருக்கையில் மூன்று உமிச் சாக்குகள். சாரதி றாபி ஏறாவூர்க்காரர். ஒரு சாக்கைத் தன் காலடிக்கு மாற்றி எனக்கு இடம் செய்தார். பதுளை வீதியால் வயலடி வரை ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்.

"இதுதான் கடைசி நடை. வசந்தியக்கா விடியவே நெருப்பு வெச்சிருப்பா," என்றார்.

6.50. வசந்தி அரை ஏக்கரில் இரசாயன உரமில்லாமல் நெல் செய்பவர். கடந்த சிறுபோகத்தில் கச்சான் காற்றுக்குப் பயிர் படுத்துவிட்டது. அறுவடை இயந்திரத்தால் பாதியைக்கூட எடுக்க முடியவில்லை. நெல்லிலை கையைக் கீறுவது அதிலுள்ள சிலிக்காவால். தாளை நிமிர்த்தி வைப்பதிலும் அதற்குப் பங்குண்டு. உமியில் அது நிறைய இருப்பதால் சென்ற முறையும் உமிச் சாம்பல் போட்டிருந்தார். செங்கல் சூளையிலிருந்து றாபி ஏற்றிவந்த சாம்பல் அது.

"வெள்ளை வெளேரெண்டு இருந்திச்சு. நல்ல சாமான் எண்டு நினைச்சன் அக்கா."

"மணலும் சிலிக்காதான் தம்பி. பயிர் அதைக் குடிக்குமா? அளவுக்கு மிஞ்சி வெந்தா உமியும் அப்பிடித்தான். நீ இந்த முறை வாய மூடிக்கொண்டு தண்ணி அள்ளு."

வயலோரத்தில் ஓட்டைகள் போட்ட தகரப் பீப்பா, மேலே புகைக்குழாய். பீப்பாவுக்குள் விறகு எரிய, சுற்றிக் குவித்த உமி சுவாலையில்லாமல் கருகுகிறது. கறுத்ததை வசந்தி மண்வெட்டியால் வெளியே இழுத்து, மஞ்சள் உமியை உள்ளே தள்ளினார். எல்லாம் கறுத்ததும் நீரூற்றி அணைக்க வேண்டும். பின்னேரம் அந்த வட்டைக்கு, அதாவது வயல்வெளி முழுவதற்கும், வாய்க்கால் திறக்கிறார்கள். அதற்குமுன் கரியைத் தூவியாக வேண்டும். இன்னொரு குவியல் எரிக்க நேரமில்லை.

10.30. காற்று திரும்பியது. குவியலின் ஒரு பக்கம் தணலாகி நரைக்கத் தொடங்கியது. மறுபக்கம் இன்னும் மஞ்சள்.

"அக்கா, அங்கால வேகல்ல. கொஞ்சம் பொறுப்பமா?"

வசந்தி இரண்டு பக்கத்தையும் பார்த்தார்.

"பொறுத்தா எல்லாம் உன்ர சூளைச் சாம்பல்தான். மஞ்சள் கிடந்தா வயல்ல உக்கி மண்ணாகிரும். ஊத்து!"

நானும் வாளி எடுத்தேன். கிணறு முப்பது அடி தூரம். நாற்பதாவது வாளியில் புகை நின்றது.

1.15. பிளேன்டீயும் பணிசும். ஆறிய கரி பதினொரு சாக்கு வந்தது. இடையிடையே மஞ்சள் உமி. நரைத்தது இரண்டு வாளி.

"இத என்ன செய்ற?" என்று கேட்டார் றாபி.

"வீட்ட கொண்டு போ. உன்ர பெண்சாதி சட்டி விளக்கட்டும்."

"அவ என்னைத்தான் விளக்குவா," என்றவர், இரண்டையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டார்.

மாலை 5.20. வட்டையின் முதல் வயலில் தண்ணீர் ஏறியது. வசந்தியின் வயல் நான்காவது. பதினொரு சாக்குகளும் வெறுமையாக வரம்பில் காய்ந்துகொண்டிருந்தன.